வேலையை விட்டு நிறுத்தினால் சம்பளம் அன்றைக்கேவா?

டிபன்கடை, ஃப்ரீமான்ட்:
ஏழு பேர் வேலை செய்யும் சின்னக் கடை என்னுடையது. 5ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஒரு சமையல்காரரை நிறுத்தினேன். மணிக்கு 20 டாலர், நாளைக்கு 8 மணி நேரம். "பாக்கியை வழக்கம்போல 15ஆம் தேதி தருகிறேன்" என்றேன், அவரும் சரி என்றார். அவர் கையில் உடைந்த கிரைண்டருக்கு 180 டாலர் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன். இப்போது லேபர் கமிஷனர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பத்து நாள் தள்ளிக் கொடுத்தது அவ்வளவு பெரிய தப்பா?

கணக்குப்பிள்ளை, சான் ஹோசே:
அண்ணா, கலிபோர்னியாவில் நாமாக நிறுத்தினால் அந்த இடத்திலேயே முழுச் சம்பளமும் கொடுத்துவிட வேண்டும். மாநிலத் தொழிலாளர் சட்டமான லேபர் கோடின் 201ஆம் பிரிவு. அவராக முன்கூட்டிச் சொல்லாமல் நின்றால்தான் 72 மணி நேர அவகாசம். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் கூலி அபராதம், 30 நாள் வரை. சனி ஞாயிறும் கணக்கில் சேரும். 10 நாளுக்கே 1,600 டாலர். 180 இன்னும் உங்களிடம் இருப்பதால் நாள் ஏறிக்கொண்டே போகிறது. 30 நாள் ஆனால் 4,800.

டாலஸ்காரன்:
180 டாலருக்கு 4,800 அபராதமா? சின்னக் கடை எப்படித் தாங்கும்? எங்கள் டெக்சாஸில் நிறுத்தியபின் 6 நாள் தருகிறார்கள். ஓவர்டைம் பார்க்க வேண்டும், வரி பிடிக்க வேண்டும், பேரோல் கம்பெனிக்கே இரண்டு நாள் வேண்டும். அவரும்தான் சரி என்றாரே.

கணக்குப்பிள்ளை:
அவர் சரி என்றது செல்லாது. இந்த உரிமையைத் தனி ஒப்பந்தத்தால் தள்ளிவைக்க முடியாது என்கிறது அதே சட்டத்தின் 219ஆம் பிரிவு. என் வாடிக்கையாளர்களிடம் நான் சொல்வது இதுதான்: முதலில் மணிக்கணக்கைப் பாருங்கள், செக்கை எழுதிக் கவரில் போடுங்கள், அப்புறம் ஆளைக் கூப்பிடுங்கள். கிரைண்டரை வேண்டுமென்றோ படு அலட்சியத்தாலோ உடைத்திருந்தால் பேச்சு வேறு. வேலையில் கைதவறி உடைந்தது கடையின் செலவு. உங்கள் டெக்சாஸிலும் தொழிலாளி எழுதிக் கொடுக்காமல் இப்படிப் பிடிக்க முடியாது.

முன்னாள் சப்ளையர்:
என்னை 28ஆம் தேதி நிறுத்தினார்கள். 1ஆம் தேதி வாடகை. சம்பளம் வந்தது 12 நாள் கழித்து. அதுவரை அறைத்தோழனிடம் கடன், வீட்டுக்காரருக்குத் தாமதக் கட்டணம். தினமும் மூன்று தடவை வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தேன். முதலாளிக்குப் பத்து நாள் என்பது வேறு, எங்களுக்கு வேறு.

டாலஸ்காரன்:
தம்பி, உங்கள் கஷ்டத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் தெரியாமல் தவறியவரையும் ஏய்ப்பவரையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம் என்பதில் மாற்றமில்லை. மூன்று நாள் அவகாசம் தந்தாலே போதும்.

கணக்குப்பிள்ளை:
ஒரேயடியாக அப்படி இல்லை. பணம் உண்மையிலேயே பாக்கியா என்பதில் நியாயமான தகராறு இருந்தால் இந்த அபராதம் விழாது. சட்டம் தெரியாது என்பது தகராறு ஆகாது. மாசசூசெட்ஸ் இன்னும் கடுமை. அங்கேயும் நிறுத்திய நாளிலேயே கொடுக்க வேண்டும். தாமதமாகக் கொடுத்தால் அந்தச் சம்பளத்தின் மூன்று மடங்கு என்று 2022இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

டிபன்கடை:
180க்கு இன்றைக்கே செக் எழுதுகிறேன். அவர் எடுக்காத வெகேஷன் (சம்பளத்தோடு கூடிய விடுமுறை) மூன்று நாள் பாக்கி இருந்தது. அதற்கும் கொடுக்க வேண்டுமா?

கணக்குப்பிள்ளை:
ஆமாம் அண்ணா. சேர்ந்த வெகேஷனும் இங்கே சம்பளம்தான். 480 டாலர். அதையும் சேர்த்து, சம்பளச் சீட்டோடு இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.