379721 முதன்மை எண்ணா (பகா எண்ணா)? கணக்குத் தெரிந்தவர்கள் உதவுங்கோ

வணக்கம், விசுவமடுவிலிருந்து எழுதுகிறேன். தரம் 10 படிக்கும் மருமகள் 123456789 இன் காரணிகளைக் கண்டுபிடிக்கப் போகிறேன் என்று கொப்பியும் பேனையுமாகக் குந்திவிட்டாள். கல்குலேட்டரைத் தொடமாட்டாளாம்.

இலக்கங்களைக் கூட்டினால் 45, ஆகவே 9 ஆல் வகுபடும். வந்தது 13717421. அங்கே முட்டி நின்றாள். அதன் வர்க்கமூலம் 3703 சொச்சம் என்பதால், 3704 இன் வர்க்கத்திலிருந்து 13717421ஐக் கழித்து, நிறைவர்க்கம் வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன். 2195, சரிவரவில்லை. 3705 இன் வர்க்கத்திலிருந்து கழித்தால் 9604. அது 98 இன் வர்க்கம்! அப்புறம் என்ன, இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம்தானே, 3705இல் 98ஐக் கழித்தும் கூட்டியும் பார்த்தால் காரணிகள் 3607, 3803. முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா, என்ன சத்தம் என்று ஓடிவந்தார்.

அந்தப் புளுகத்தில் 987654321ஐயும் எடுத்தாள். 9 ஆல் வகுக்க 109739369. அதே வழியில் 40 வரி எழுதியும் நிறைவர்க்கம் அமையவில்லை. கடைசியில் 17 ஆல் இரண்டு தரம் வகுபட்டு 379721 மிஞ்சியது.

இது முதன்மை எண்ணா என்று பார்க்க, இதன் வர்க்கமூலமான 616 சொச்சம் வரையுள்ள முதன்மை எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துத்தான் ஆகவேண்டுமா? கையால் செய்யக்கூடிய குறுக்குவழி ஏதும் உண்டா? முதல் எண்ணுக்கு இரண்டே வரியில் கிடைத்தது, காரணிகள் கிட்டக்கிட்ட இருந்ததாலா? விடையை மட்டும் போட்டுவிடாதீர்கள், வழிதான் வேண்டும். விடை சொன்னால் அவள் என்னோடு கதைக்கமாட்டாள்.