அப்பாவுக்கு பிராஸ்டேட் பயாப்சி: ஃபியூஷன் முறையில் செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். அப்பாவுக்கு 68 வயது, மதுரையில் இருக்கிறோம். பிராஸ்டேட் சுரப்பிக்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையில் 9.2 வந்ததால் எம்ஆர்ஐ எடுத்தோம். பிராஸ்டேட்டின் இடது ஓரத்தில் 11 மி.மீ. அளவில் சந்தேகப்படும்படி ஓர் இடம், பைராட்ஸ் (எம்ஆர்ஐ-யில் தெரிவதற்குக் கொடுக்கும் மதிப்பெண்) 4 என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. 5 வரை போகும் அளவுகோலில் 4 என்றால் புற்றுநோய்க்கு வாய்ப்பு அதிகம். ஆனாலும் பயாப்சி செய்யாமல் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆசனவாய் வழியாக அல்ட்ராசவுண்ட் கருவி வைத்து 12 இடங்களில் சதை எடுக்கலாம் என்கிறார் டாக்டர். எனக்கு அதில்தான் தயக்கம். இடம் தெளிவாகத் தெரியும்போது, எம்ஆர்ஐ படத்தை அல்ட்ராசவுண்டோடு பொருத்திக் குறிபார்த்து எடுக்கும் ஃபியூஷன் முறைதான் சரி என்று படுகிறது. அதையும் விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள தோல் வழியாகச் செய்தால் கிருமித்தொற்று அபாயம் குறைவு. அப்பாவுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. போன வருடம்தான் சிறுநீர்த் தொற்றில் படாதபாடு பட்டார்.

மதுரை, திருச்சி, கோவைப் பக்கம் யாராவது இப்படிச் செய்துகொண்டீர்களா? முழு மயக்கம் கொடுத்தார்களா, மரத்துப்போக ஊசி மட்டுமா? செலவு எவ்வளவு, காப்பீட்டில் கிடைத்ததா? அப்புறம், பிராஸ்டேட் புற்றுநோய் செல்களைக் காட்டும் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேனை இப்போதே எடுக்கச் சொல்கிறார் சித்தப்பா. பரவியிருக்கிறதா என்று பார்க்கத்தானே பெரும்பாலும் அது? பயாப்சி ரிசல்ட் வந்த பிறகு எடுத்தால் போதாதா?

அடுத்த வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.