ஊராட்சித் தலைவரின் வாராந்திர கொரோனா அறிவிப்பு: எதைச் சொல்லணும், எப்படிச் சொல்லணும்?

வடக்குவளவு | 14.10.2020

வணக்கம். சாக்கோட்டை ஒன்றியத்தில் ஒரு சிறிய ஊராட்சிக்காகக் கேட்கிறேன். காரைக்குடி, தேவகோட்டை நகராட்சிகளிலும் கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்ற பேரூராட்சிகளிலும் 2016 அக்டோபருக்குப் பிறகு தலைவரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. சென்னையிலேயே மேயர் இல்லாமல் ஆணையர்தான் பேசுகிறார். நம்ம பக்கம் ஓட்டு வாங்கி வந்து ஊருக்குப் பதில் சொல்லக்கூடியவர் என்றால் 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்த ஊராட்சித் தலைவர்கள்தான். அக்டோபர் 2 கிராம சபையும் ரத்தாகிவிட்டதால், மார்கழி வரை வாரம் ஒரு அறிவிப்பு விடலாம் என்று எங்கள் தலைவர் முடிவு செய்திருக்கிறார்.

தெரிய வேண்டியவை: தொற்று எண்ணிக்கையை யாரிடம் வாங்குவது? தெருப் பெயர் போடலாமா? போனே இல்லாத ஆச்சிமார்களுக்கு எப்படிப் போய்ச் சேரும்? தீபாவளிக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு என்ன சொல்வது?

செம்மண்சாலை | 14.10.2020

நல்ல முடிவு தம்பி. எண்ணிக்கையிலிருந்து ஆரம்பிக்கிறேன், பெரும்பாலும் சண்டை அங்கேதான் வரும்.

சுகாதாரத் துறை தினமும் மாலை விடும் அறிக்கையில் சிவகங்கை மாவட்டத்துக்கு மொத்தமாக ஒரு எண்தான் இருக்கும். அதை எடுத்து ஊரில் வாசித்தால் யாருக்கும் பயனில்லை. உங்கள் ஊருக்கான எண் வட்டார மருத்துவ அலுவலரிடமிருந்து, கிராம சுகாதார செவிலியர் வழியாக வரணும். வெள்ளிக்கிழமை மதியம் 3 மணி என்று செவிலியரிடம் பேசி ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வரும் முடிவு அடுத்த வாரக் கணக்கு. தினசரி எண் போடவே வேண்டாம். மாதிரி எடுத்த நாள் ஒன்று, முடிவு வரும் நாள் வேறு. மூன்று பேர் முடிவு ஒரே நாளில் வந்து விழுந்தால் ஊரே பதறும். அடுத்த இரண்டு நாள் பூஜ்யம் என்றால் முகக்கவசம் கழன்றுவிடும்.

எழுதியதும் ஒரு கூட்டல் கழித்தல் போட்டுப் பாருங்கள். போன வாரம் சிகிச்சையில் 4, புதிதாக 3, குணமானவர் 2, இறப்பு இல்லை என்றால் இந்த வாரம் 5 வரணும். வரவில்லை என்றால் யாரோ இரண்டு தடவை எண்ணப்பட்டிருக்கிறார், அல்லது முகவரி குழம்பியிருக்கிறது. முகவரிக் குழப்பம் நம்ம பகுதியில் கட்டாயம் வரும். செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டத்தில் கிடக்கின்றன. போதாததற்கு, ஊரில் வந்து தங்கியிருப்பவர் படிவத்தில் சென்னை முகவரியைக் கொடுத்திருந்தால் கணக்கு சென்னைக்குப் போகும், ஆள் இங்கே படுத்திருப்பார். அதனால் "நம் ஊரில் தங்கியிருப்பவர்களில், செவிலியருக்குத் தெரிந்தவரை" என்ற சொற்களை அறிவிப்பில் அப்படியே போடுங்கள்.

"குணமானவர்" என்பதையும் ஒரு வரியில் விளக்கணும். வீட்டுத் தனிமையில் இருப்பவருக்கு அறிகுறி தொடங்கி 10 நாள் ஆகி, கடைசி 3 நாள் காய்ச்சல் இல்லாமலிருந்தால் விடுவிப்பு. அதற்குப் பிறகும் 7 நாள் வீட்டிலேயே இருக்கணும். இதைச் சொல்லாவிட்டால், "குணமாயிட்டார்னு படிச்சீங்க, அப்புறம் ஏன் கடைக்கு வரல?" என்று அந்தக் குடும்பத்தைத்தான் நோண்டுவார்கள்.

தெருப் பெயர் கூடவே கூடாது. சின்ன ஊரில் "மேலத்தெருவில் ஒருவர்" என்றாலே பெயர் சொன்ன மாதிரிதான். பெயர் வெளியே வந்தால் அடுத்த வீட்டுக்காரர் காய்ச்சலை மறைப்பார், பரிசோதனைக்கு வரமாட்டார். ஒரு தெருவையே அடைக்க வேண்டிவந்தால் அது அதிகாரிகள் முறைப்படி அறிவிக்கட்டும். அப்போது எது திறந்திருக்கும், பால் எப்படி வரும், யாரைக் கூப்பிடணும் என்பதை நீங்கள் சொல்லுங்கள்.

பந்தல்கால் | 15.10.2020

போய்ச் சேர்வதைப் பற்றி நான் சொல்கிறேன். ஒரே வாசகத்தை எல்லா வழியிலும் அனுப்பினால் ஒன்றும் சேராது.

வாட்ஸ்ஆப்பில் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ போடாமல் எழுத்தாகவே போடுங்கள். வயதானவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம், பிள்ளைகள் வாசித்துக் காட்டவும் சுலபம். முதல் வரியில் தேதி, கடைசி வரியில் "இது அக்டோபர் 24 வரை மட்டும்" என்று ஒரு கெடு. கெடு இல்லாத செய்தி மூன்று வாரம் கழித்து கோலாலம்பூர் வரை சுற்றிவிட்டுத் திரும்ப ஊர்க் குழுவுக்கே வரும், அதை நம்பி ஆள் முகாமுக்கு வந்து நிற்பார். தலைவர் படமும் வேண்டாம், கட்சிக் கொடியின் நிறமும் வேண்டாம். எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களும் இதைப் படித்தாக வேண்டும்.

ஒலிபெருக்கி ஆட்டோ ஓடிக்கொண்டே பேசினால் ஒரு வீட்டுக்குப் பாதி வாக்கியம்தான் கேட்கும். ஊருணிக்கரை, ரேஷன் கடை, பிள்ளையார் கோயில், காலனி முனை என்று நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு இடத்திலும் இரண்டு தடவை வாசிக்கணும். இந்த அளவு போதும்:

"ஊராட்சி அறிவிப்பு. அக்டோபர் 17, சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை 9 மணிக்குத் தொடக்கப் பள்ளியில் காய்ச்சல் முகாம். காய்ச்சல், இருமல் இருந்தாலும், வாசனை தெரியாவிட்டாலும் முகக்கவசம் போட்டு வாங்க. செவ்வாய் 20-ஆம் தேதி தொட்டி கழுவுறோம், காலையில் தண்ணி வராது. திங்களன்றே பிடிச்சு மூடி வைங்க."

எண்ணிக்கை, அபராதம் எல்லாம் இதில் வேண்டாம். அதற்கு ஊராட்சி அலுவலகப் பலகையும் ரேஷன் கடைச் சுவரும் இருக்கின்றன. போன் இல்லாதவர்களை எட்ட இன்னும் நல்ல இடம் 100 நாள் வேலைத் தளம். காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போது பணித்தளப் பொறுப்பாளர் வாசித்தால், மதியத்துக்குள் வீட்டுக்கு வீடு போய்விடும். நடமாட முடியாத ஆச்சி, அப்பத்தாக்களுக்கு அங்கன்வாடிப் பணியாளரோ மகளிர் குழுவினரோ வாசலில் நின்று சொல்லட்டும். அவர்களிடம் தாளைக் கொடுத்துவிடுங்கள். வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினால் நேரம் மாறிவிடும்.

அபராதம் பலகையில் இப்படி இருக்கட்டும்: முகக்கவசம் இல்லாவிட்டால் 200 ரூபாய், பொது இடத்தில் துப்பினால் 500, தனிமைப்படுத்தலை மீறினால் 500. செப்டம்பர் முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

முற்றம் | 15.10.2020

இருவரும் கொரோனாவை மட்டும் பேசுகிறீர்கள். ஐப்பசி மழையில் டெங்குவும் சேர்ந்து வரும். இரண்டுக்கும் முதலில் காய்ச்சல்தான். "மூன்று நாள் பார்ப்போம்" என்று வீட்டிலேயே கிடப்பதுதான் ஆபத்து. டெங்குவுக்கான என்.எஸ்.1 பரிசோதனை முதல் 5 நாளுக்குள் எடுத்தால்தான் சரியாகக் காட்டும். எனவே அறிவிப்பில் "காய்ச்சல் வந்த முதல் நாளே" என்று அழுத்திச் சொல்லுங்கள். வலிக்கு ஆஸ்பிரின், ஐப்யூபுரூஃபன் வாங்கிப் போடக் கூடாது, டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு கூடும். வீட்டுத் தனிமையில் இருப்பவருக்கு ஆக்சிமீட்டரில் 94-க்குக் கீழே போனால் காத்திருக்காமல் 108.

நம்ம ஊர்களின் பெரிய பிரச்சினை பூட்டிக்கிடக்கும் வீடுகள். முற்றத்து மடையில் சருகு அடைத்துவிட்டால் ஒரு மழைக்கே தண்ணீர் தேங்கும். பின்கட்டில் அண்டா, ஆட்டுக்கல் குழி, ஓட்டுக் கூரைகள் சேரும் இடத்துத் தகர வாய்க்கால், புழங்காத கழிப்பறைத் தொட்டி எல்லாம் ஏடிஸ் கொசுவுக்குச் சொகுசான இடங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். அதனால்தான் வாரம் ஒரு தடவை கொட்டிக் கவிழ்க்கச் சொல்வது. ஒரே வீட்டில் பல புள்ளிகளுக்கு (பங்காளிக் குடும்பங்களுக்கு) பங்கு இருக்கும். "வீட்டுக்காரர் கவனிக்கவும்" என்று பொதுவாகப் போட்டால் ஒருவரும் கவனிக்கமாட்டார். ஊரில் சாவி வைத்திருப்பவர் யார் என்று வீடு வாரியாக ஒரு பட்டியலை ஊராட்சி செயலர் அலுவலகத்தில் வைத்துக்கொண்டு (குழுவில் போடாதீர்கள்), கொசு ஒழிப்புப் பணியாளர் எந்தக் கிழமை எந்தத் தெருவுக்கு வருவார் என்று மட்டும் அறிவிப்பில் சொல்லுங்கள். சாவிக்காரருக்குத் தனியாகப் போன்.

குடிநீர் ஊருணியில் மருந்து, எண்ணெய் எதையும் ஊற்றக் கூடாது.

மேல்நிலைத் தொட்டி மாதம் 5, 20 தேதிகளில் கழுவணும், அந்தத் தேதியை முன்கூட்டியே போடுங்கள். பிளீச்சிங் பவுடர் 1000 லிட்டருக்கு 4 கிராம்; 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் விட்டுத் திறக்கணும். கடைசித் தெருக் குழாயில் குளோரின் 0.2 பி.பி.எம். (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) ஆவது இருக்கணும். அங்கே இல்லையென்றால் பவுடர் பழசாகி வீரியம் போயிருக்கும், அல்லது குழாயில் உடைப்பு. கைப்பிடி, கிராதி துடைக்க வேறு அளவு: லிட்டருக்கு 33 கிராம், அன்றன்றைக்குக் கரைத்தது. ஆள் மேல் தெளிக்கக் கூடாது என்று சுகாதார அமைச்சகமே ஏப்ரலில் சொல்லிவிட்டது.

வடக்குவளவு | 16.10.2020

மூவருக்கும் நன்றி. தீபாவளிக்கு வருகிறவர்கள், கல்யாண வீடு பற்றியும் சொன்னால் நல்லது. நவம்பர் 29 திருக்கார்த்திகை, அதிலிருந்து 21-ஆம் நாள் பிள்ளையார் நோன்பு, ஆக ஊர் நிறைந்துகொண்டேதான் இருக்கும்.

செம்மண்சாலை | 16.10.2020

வராதே என்று சொல்ல ஊராட்சிக்கு அதிகாரம் இல்லை, சொன்னால் மனக்கசப்புதான் மிஞ்சும். மாநிலத்துக்குள் இ-பாஸ் (பயண அனுமதி) செப்டம்பர் 1-லேயே போய்விட்டது. வெளிமாநிலத்திலிருந்து வந்தால் இன்னும் வேண்டும். வருகிறவர்கள் என்ன செய்யணும் என்பதைச் சொல்லுங்கள்: வந்ததும் செவிலியருக்கு ஒரு போன், காய்ச்சல் இருந்தால் பயணத்தைத் தள்ளிவைப்பது, பெரியவர்களோடு பட்டாலையில் (கூடத்தில்) சேர்ந்து உட்காராமல் முகப்பிலோ முற்றத்தை ஒட்டிக் காற்றோட்டமாகவோ உட்காருவது, பந்தியைப் பல முறையாகப் பிரிப்பது. இந்த அறிவிப்பு நவம்பர் 14-க்கு இரண்டு வாரம் முன்பே வெளியூர்க் குழுக்களுக்குப் போகணும். டிக்கெட் போட்டபிறகு சொன்னால் யாரும் மாற்றமாட்டார்கள்.

கல்யாணம், இறப்பு வீட்டுக்கான ஆள் எண்ணிக்கையை நினைவிலிருந்து எழுதாதீர்கள். தளர்வு உத்தரவு மாதக் கடைசியில் மாறுகிறது. புது உத்தரவைப் பார்த்து, அதன் தேதியோடு போடுங்கள். தவறாகப் போய்விட்டால் அடுத்த அறிவிப்பின் முதல் வரியே திருத்தமாக இருக்கணும், அதே இடங்களில், அதே ஒலிபெருக்கியில். வாட்ஸ்ஆப்பில் பழையதைச் சத்தமில்லாமல் அழித்தால், ஏற்கனவே அனுப்பப்பட்ட பிரதிகள் அப்படியே சுற்றும்.

பந்தல்கால் | 16.10.2020

தீபாவளி வாரத்துக்கு ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். கையில் சானிடைசர் தடவிய ஈரத்தோடு மத்தாப்பு கொளுத்தவோ விளக்கேற்றவோ கூடாது, அது சாராயம், சட்டென்று பற்றும். அன்றைக்கு சோப்பும் தண்ணீரும்தான். திருக்கார்த்திகை வாரத்திலும் இதே வரி வேண்டும்.