ஃபொந்தன்புளோக் காட்டில் கயிறில்லாமல் பாறை ஏறப் போறவைக்கு: போய் வந்தவர்களின் அனுபவங்கள்

பாரிஸுக்குக் கிட்ட எண்டதுதான் இந்த இடத்துக்குப் பிடிச்ச சனி. ஒரு ஆயத்தமும் இல்லாமல் வந்து இறங்கினம். பாரிஸின்ர கார் து லியோன் ஸ்டேஷனில ஆர் லைன் றெயில் எடுத்தால் 35 நிமிஷமளவில புவா லு றுவா. எல்லா வலயத்துக்குமான நவிகோ (பாரிஸ் பயண அட்டை) இருந்தால் தனி டிக்கெட் வேண்டாம். ஸ்டேஷனிலயிருந்து றொஷே கனோன் பாறைகளுக்கு, விழுந்தால் தாங்க நிலத்தில போடுற மெத்தையை முதுகில கட்டிக்கொண்டு முக்கால் மணித்தியால நடை. காரில வாறவை பா குவியேக்குத்தான் போவினம்; டி 607 ரோட்டோரம் காரை விட்டுட்டு நாலு எட்டு வைச்சால் பாறை. ஆனா முதல்முறை வாற ஆளை அங்க கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. நூறு வருஷமா ஆக்கள் மிதிச்சு மிதிச்சு, பிடியெல்லாம் கொத்தாத அம்மி மாதிரி வழுக்குது. 1946-ல ஏறின லா மரி றோஸ் எண்ட ஏற்றம், இந்தக் காட்டின்ர முதல் 6ஏ (கஷ்டத்தைக் குறிக்கிற தரம்), அங்கதான் நிக்குது. பார்த்துட்டு வரலாம். பழக றொஷே கனோன்தான் திறம்.

பாறையில அடிச்சிருக்கிற நிறம் எவ்வளவு கஷ்டம் எண்டதைச் சொல்லும்: மஞ்சள் லேசு, பிறகு செம்மஞ்சள், நீலம், சிவப்பு, கறுப்பு. ஒவ்வொரு ஏற்றத்தின்ர அடியிலயும் சின்ன அம்புக்குறியும் இலக்கமும் இருக்கும். புதுசா வாறவை மாட்டுப்படுறது நீலத்தில. டெனெகூர் எண்டவர் 19-ஆம் நூற்றாண்டில போட்ட நடைபாதைகளுக்கும் நீலக் கோடுதான். அதைப் பிடிச்சுக்கொண்டு போனால் ஏற்றம் வராது, நல்ல உலாத்தல்தான் வரும். பாறையடியில அம்புக்குறி இல்லாட்டி அது எங்கட நீலம் இல்லை.

*

அண்ணன் சொன்னதோடு மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே எல்லாவற்றையும் விட முக்கியம் அதுதான். இது மணற்கல். மேலே சில மில்லிமீட்டருக்குக் கெட்டியான ஒரு தோல், உள்ளே லேசில் மணலாக உதிர்கிற கல். நனைந்தால் அந்தத் தோலுக்குப் பலம் போய்விடும். ஒரு விரல் பிடியில் முழு எடையையும் தொங்கவிட்டால் பிடி கையோடு வந்துவிடும். உடைந்த இடத்தில் தோல் திரும்ப வளராது. அடுத்தடுத்த மழையில் மணல் கொட்டிக்கொண்டே போய்க் குழியாகிவிடும்.

மேற்பரப்பைத் தொட்டுப் பார்த்து "காய்ந்துவிட்டது" என்று முடிவு செய்வதுதான் வழக்கமான தப்பு. தண்ணீர் கல்லின் நுண்துளைக்குள் இருக்கிறது, துணியால் துடைத்தால் போகாது. பாறையடி மண்ணை இரண்டு விரல் ஆழம் கிளறுங்கள். உள்ளே ஈரமாக ஒட்டினால் பாறைக்குள்ளும் ஈரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கோடையில் வெயிலும் காற்றும் படுகிற மொட்டைப் பாறை சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். குளிர்காலத்தில் மர நிழலில், பாசியோடு இருப்பது நாள்கணக்கில் காயாது. கேஸ் டார்ச் கொண்டுவந்து சூடு காட்டுகிற ஆட்களும் உண்டு. கல் வெடிக்கும், அதைச் செய்யவே கூடாது.

*

மணலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சப்பாத்தின் அடியில் ஒட்டின மணலோடு பாறையில் கால் வைத்தால் அது உப்புத்தாள் வேலை செய்யும்: கல்லும் தேயும், ரப்பரும் தேயும், காலும் வழுக்கும். குல் து ஷியன் பக்கம் தரையே கடற்கரை மாதிரி வெள்ளை மணல், அங்கே இன்னும் மோசம். வீட்டு வாசலில் போடுகிற ஒரு சின்னக் கால்மிதி போதும். அதில் நின்று, ஒவ்வொரு அடிப்பாகத்தையும் துணியால் துடைத்து, சப்பாத்தின் பெருவிரல் நுனியை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். "கீச்" என்று சத்தம் வந்தால் சுத்தம். அதன்பிறகு நிலத்தில் கால் படாமல் நேரே பாறைக்கு.

பிடிப்புக்குப் போஃப் (பைன் பிசின்) எடுக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: பழைய ஆட்கள் பைன் பிசினைத் துணியில் கட்டி அடிப்பார்கள், அது இந்த ஊர்ப் பழக்கம். ஆனால் பிசின் கல்லில் படிந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது. கைக்கு மக்னீசியம் கார்பனேட் தூள் போடுங்கள், கொஞ்சமாக. போகும்போது மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். கம்பித் தூரிகை வேண்டவே வேண்டாம்.

*

போஃப் விஷயத்தில நான் அவ்வளவு கடுமையா நிக்கமாட்டன், மக்னீசியமும் அள்ளிப் பூசினால் பிடியை மொழுகித்தான் விடுது. அதை விடுவம். மெத்தைக்கு வருவம்.

சாதாரண மெத்தை ஒரு மீற்றர் அகலம், 10 சென்ரிமீற்றர் தடிப்பு, 5 கிலோவுக்கு மேல வரும். கெட்டியான நுரை இருக்கிற பக்கம் மேல வரோணும். அதுதான் அடியைப் பரவலா வாங்கும். தலைகீழாப் போட்டால் குதி நேரே நிலத்தில முட்டும். தொடங்கிற இடத்தில மெத்தையைப் போடாதேங்கோ, விழுற இடத்தில போடுங்கோ. சரிவில ஏறினால் நேர கீழ, பக்கவாட்டா எட்டிப் பிடிச்சால் ஊசல் மாதிரி வீசின பக்கம். ரெண்டு மெத்தைக்கு நடுவில இடைவெளி விட்டால் கணுக்கால் போற இடம் அதுதான். ஒண்டுக்கு மேல ஒண்டை ஒரு சாண் ஏத்திப் போடுங்கோ. கீழ நிண்டு பார்க்கிறவர் ஆளை ஏந்த வரக்கூடாது. பெருவிரலை மற்ற விரல்களோட ஒட்டி வைச்சு, இடுப்பை மெத்தைப் பக்கம் தள்ளிவிடுறது மட்டும்தான் வேலை.

ஏறமுதல் பாறையை ஒருக்காச் சுத்தி வந்து இறங்கிற வழியைப் பாருங்கோ. மஞ்சள், செம்மஞ்சள் எண்டு லேசா நினைக்கிற ஏற்றங்களில சிலது நாலு மீற்றர் உயரம். மெத்தை வரமுதலே போட்டதுகள். மேல போனால் பிடிக்க ஒண்டும் இராது, உருண்டை முதுகு. உள்ளங்கையை ஊண்டி, முழங்காலை வைக்காமல் பாதத்தை உயர்த்தி வைச்சு எழும்போணும். முழங்கால் வைச்சவர் அங்கேயே மண்டியிட்டபடி மாட்டிக்கொள்ளுவார். உள்ளரங்கில 6ஏ ஏறிற ஆள் இஞ்ச நீலத்தில தடுமாறுறதும் இதாலதான். கைப்பலம் இருக்கும், காலை நம்பிற பழக்கம் இராது.

*

மிச்சம் சில. கோடை மத்தியானத்தில் போகாதீர்கள், விரல் வியர்த்து ஒன்றும் நிற்காது. நல்ல பிடிப்பு குளிரும் வறட்சியும் சேர்ந்த நாளில்தான். காரில் பை, ஜாக்கெட் எதுவும் கண்ணில் படும்படி வைக்க வேண்டாம், கண்ணாடி உடைப்பு அடிக்கடி நடக்கிற தரிப்பிடங்கள் அவை. குடும்பமாகப் போய்க் கோழி வாட்டுகிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். காட்டுக்குள் நெருப்பு மூட்டத் தடை.

உண்ணி பொல்லாதது. திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின் பாருங்கள். மருந்துக்கடையில் உண்ணி எடுக்கிற சின்னக் கொக்கி விற்கிறது. தோலோடு ஒட்டிக் கொடுத்து, சுழற்றிக்கொண்டே இழுக்க வேண்டும். எண்ணெய், தீக்குச்சி வைத்தியம் கூடாது. கடித்த இடத்தில் ஒரு மாதத்துக்குள் சிவப்பு வட்டம் விரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

யாராவது விழுந்து எழும்ப முடியாவிட்டால் 112. "பெரிய பாறைக்குப் பக்கத்தில்" என்றால் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது. தரிப்பிடத்தின் பெயர், ஏற்றத்தின் நிறமும் இலக்கமும், மரத்தில் அடித்திருக்கும் காட்டுப் பகுதி எண், மூன்றையும் சொல்லி, ஒருவரைத் தரிப்பிடத்துக்கு அனுப்பி நிற்க வையுங்கள்.