அப்பாவுக்கு வர வேண்டிய ரீஃபண்ட் 24,000 ரூபாய், வந்தது 15,450: இது சரியா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் தந்தை அரசு உதவி பெறும் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 67. அவருடைய 2024-25 நிதியாண்டுக்கான வருமான வரிக் கணக்கை ஐடிஆர்-1 படிவத்தில், புதிய வரி முறையில், ஜூலை மாதமே நான் தாக்கல் செய்தேன். ஓய்வூதியம் 4,32,000 ரூபாய். இரண்டு வங்கிகளில் உள்ள ஃபிக்சட் டெபாசிட்டுகளின் வட்டி 1,50,000 ரூபாயும் 90,000 ரூபாயும். நிலையான கழிவு 75,000 ரூபாய் போக மொத்த வருமானம் 5,97,000 ரூபாய். ஏழு லட்சத்துக்குள் இருப்பதால் 87ஏ தள்ளுபடிக்குப் பின் வரி ஏதும் இல்லை. ஆகவே இரு வங்கிகளும் பத்து சதவீதம் பிடித்த 15,000, 9,000 ஆகிய இரண்டு தொகைகளும் முழுமையாகத் திரும்ப வரும் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். செப்டம்பர் 18 அன்று கணக்கில் வரவானது 15,450 ரூபாய் மட்டுமே. மருந்துச் செலவுக்கு இந்தப் பணத்தை நம்பியிருந்தவரிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. இது சரியான தொகைதானா என்று எப்படிச் சரிபார்ப்பது?

பதில் 1

வணக்கம். 15,450 என்ற எண்ணையே சற்று உற்றுப் பாருங்கள். கெடுவுக்குள் கணக்குத் தாக்கல் செய்தவருக்குப் பிடித்தம் செய்த வரியைத் திருப்பித் தரும்போது, 244ஏ பிரிவின்படி மதிப்பீட்டு ஆண்டின் ஏப்ரல் 1 முதல் மாதத்துக்கு அரை சதவீதம் தனிவட்டி சேர்த்துத் தருவார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதம், அதாவது மூன்று சதவீதம். 15,000 ரூபாய்க்கு மூன்று சதவீதம் 450 ரூபாய். ஆக, முதல் வங்கி பிடித்தது வட்டியோடு முழுமையாக வந்துவிட்டது. இரண்டாம் வங்கியின் 9,000 ரூபாய் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவே இல்லை.

இதை ஊகமாக விட்டுவிடாமல், 143(1) பிரிவின்கீழ் மின்னஞ்சலில் வந்திருக்கும் இன்டிமேஷனை, அதாவது கணக்கைச் சரிபார்த்தபின் வருமான வரித் துறை அனுப்பும் அறிவிப்பை, திறந்து பாருங்கள். பான் எண்ணைச் சிறிய எழுத்தில் இட்டு, தொடர்ந்து பிறந்த தேதியை எட்டு இலக்கமாக இட்டால் அது திறக்கும். நீங்கள் காட்டிய தொகையும் துறை கணக்கிட்ட தொகையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எந்த வரிசையில் முதன்முதலாக இரண்டும் வேறுபடுகின்றன என்பதே விடை. வருமானத்தில் வேறுபட்டால் ஏதோ கழிவை மறுத்திருக்கிறார்கள். டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடித்த வரி, என்ற வரிசையில் வேறுபட்டால், ஒருவரின் பான் எண்ணில் பிடித்த வரிகளைப் பட்டியலிடும் 26ஏஎஸ் படிவத்தில் அந்தப் பிடித்தம் இல்லை. எங்கும் வேறுபடாமல் வரவு மட்டும் குறைந்திருந்தால் பழைய ஆண்டின் நிலுவைக்கு 245 பிரிவின்படி ஈடு செய்திருப்பார்கள், ஆனால் அதற்கு முன்பே அறிவிப்பு வந்திருக்க வேண்டும்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடியே டிடிஎஸ் வரிசையில் இடப்பக்கம் 24,000, வலப்பக்கம் 15,000 என்று இருக்கிறது. 26ஏஎஸ் படிவத்திலும் இரண்டாம் வங்கியின் பெயரே இல்லை. ஆனால் வரி பிடித்ததற்குச் சான்றாக அந்த வங்கி கொடுத்த படிவம் 16ஏ என் கையில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் 9,000 ரூபாயை நானே சேர்த்து எழுதினேன். இப்போது மறுபடி பார்க்கிறேன், அதில் வரி பிடிக்கப்பட்டவர் என்ற கட்டத்தில் இருப்பது அம்மாவின் பெயரும் பான் எண்ணும். அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு பகுதியை இருவர் பெயரிலும் போட்டார். அம்மா பெயர் முதலில் இருக்கிறது.

பதில் 2

எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் தாயாருக்கு வேறு வருமானம் இல்லையென்றால், அவர் பெயரில் ஒரு கணக்குத் தாக்கல் செய்து 9,000 ரூபாயைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாமே.

பதில் 1

மேலே சொன்ன வழியைப் பலர் பின்பற்றுகிறார்கள் என்பது உண்மை. அந்த டெபாசிட் தாயாரின் சொந்தப் பணமாக, அவருடைய சேமிப்பாகவோ பிறந்த வீட்டுச் சொத்தாகவோ இருந்தால் அதுதான் முறையும்கூட. ஆனால் இது கணவரின் ஓய்வுக்காலப் பணம். மனைவிக்குக் கொடுத்துவிட்டதாகக் கொண்டாலும் 64(1) பிரிவின்படி அதன் வட்டி கணவரின் வருமானமே. தந்தையார் கணக்கில் 90,000 ரூபாயை நீங்கள் காட்டியது சரி. அதை மாற்ற வேண்டாம்.

தவறு படிவத்தில் இருக்கிறது. வேறொருவர் பெயரில் வரி பிடிக்கப்பட்ட வருமானத்தைத் தன் வருமானமாகக் காட்டுகிறவர் ஐடிஆர்-1 பயன்படுத்த முடியாது. எனவே டிசம்பர் 31, 2025-க்குள் ஐடிஆர்-2 படிவத்தில் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். இன்டிமேஷன் வந்துவிட்டது என்பது அதற்குத் தடையில்லை. டிடிஎஸ் அட்டவணையில், 37பிஏ(2) விதியின்படி பிறருக்குரிய வரவு என்பதைத் தேர்ந்தெடுத்துத் தாயாரின் பான் எண்ணை எழுத வேண்டும். அதற்கு முன்பே, வட்டி யாருடைய வருமானம், ஏன் என்று குறிப்பிட்டுத் தாயார் கையொப்பமிட்ட உறுதிமொழியை வங்கிக் கிளையில் கொடுத்து, பிடித்தத்தைத் தந்தையார் பெயருக்கு மாற்றித் தெரிவிக்கும்படி கேளுங்கள். நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வெறுமனே 154 பிரிவில் திருத்த மனு போட்டால், அதே படிவத்தை அதே 26ஏஎஸ் படிவத்தோடு ஒப்பிட்டு அதே விடையைத்தான் தருவார்கள்.

கேட்டவர்

அடுத்த ஆண்டும் இதே சிக்கல் வருமா ஐயா? அம்மாவுக்கு வயது 63.

பதில் 1

ஏப்ரல் 2025 முதல் மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியில் ஆண்டு வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால்தான் பிடித்தம் உண்டு என்பதால், 90,000 ரூபாய் வட்டிக்கு வரி பிடிக்க மாட்டார்கள். முதல் வங்கியில் மட்டும், வரி பிடிக்க வேண்டாம் என்று கேட்கும் 15எச் படிவத்தைத் தந்தையார் பெயரில் கொடுத்துவிடுங்கள். வந்திருக்கும் 450 ரூபாய் வட்டியையும் அடுத்த கணக்கில் பிற வருமானமாகக் காட்ட வேண்டும்.