கற்பனை நாட்டுப் பிரதமர்: கணக்கு எங்கே இடிக்குது?

மைக்கூடு:
தொடர்கதைக்காக ஒரு தீவு நாடு. 1948-ல் விடுதலை, 100 பேர் கொண்ட ஒரே அவை, பிரிட்டிஷ் பாணி. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தேர்தல். நாயகன் பிறப்பு 1930. 1952-ல் எம்.பி., 1961-ல் நிதியமைச்சர், 1975-ல் கட்சியை உடைச்சு 38 பேரோட பிரதமர். பட்ஜெட் தோத்தும் ரெண்டு வருஷம் ஓட்டுறார். 2008-ல் சபாநாயகர். எது நம்பும்படி இல்லை?

கூழாங்கல்:
முதல்ல வயசு. 22-ல் எம்.பி.ன்னா குறைந்தபட்ச வயசை 21-னு வைங்க. பிரிட்டனில் 2006 வரைக்கும் அதுதான். இந்திய மக்களவை மாதிரி 25-னு வச்சா 1957 வரை காத்திருக்கணும், இல்லேன்னா 1955-க்கு மேல யாரையாவது சாகடிச்சு இடைத்தேர்தல் கொண்டுவரணும்.

ஒரு தாள்ல அஞ்சு கட்டம் போடுங்க: வருஷம், வயசு, தொகுதி, பதவி, அப்போ பிரதமர் யாரு. தொகுதியைத்தான் மறந்துடுவாங்க. அம்பது வருஷத்துல தொகுதி எல்லை மறுவரையறை ஒரு தடவையாவது வந்து அவர் தொகுதியைக் கடிக்கணும்.

தெற்குவாசல்:
38 போதாது, 51 வேணும். மிச்சம் 13 பேர் வெளியிலிருந்து ஆதரவுன்னா, கழுத்துல கயிறு அவங்க கையில. சரண் சிங் 1979 ஜூலை 28-ல் பிரதமரானார். இந்திரா காங்கிரஸ் கையை விரிச்சதும் மக்களவையைச் சந்திக்காமலே ஆகஸ்ட் 20-ல் ராஜினாமா. ஆனா தேர்தல் முடிஞ்சு 1980 ஜனவரி வரை காபந்துப் பிரதமர்.

பட்ஜெட் தோத்தா ராஜினாமா, இல்லேன்னா கலைப்பு. ரெண்டு வருஷமெல்லாம் நடக்காது. காட்சிக்கு வெட்டுத் தீர்மானம் அருமையா இருக்கும்: மக்களவையில் ஒரு குறையைச் சுட்டிக்காட்ட மானியக் கோரிக்கையில் (ஒரு துறையோட செலவுக்கு அரசு அவையில் கேட்கிற தொகை) 100 ரூபாய் குறைக்கச் சொல்வாங்க, கொள்கையையே எதிர்த்தா மொத்தத்தையும் 1 ரூபாயாக்கச் சொல்வாங்க. அந்த நூறு ரூபாய் நிறைவேறினாலே ஆட்சி ஆட்டம் காணும்.

கட்சித் தாவல் 1975-ல் இடிக்காது. இந்தியாவிலேயே தடைச் சட்டம் 1985-ல்தான்.

கூழாங்கல்:
எனக்குப் பிடிச்சது சபாநாயகர் பகுதிதான். 51–49-ல் ஜெயிச்ச கட்சி தன் ஆளை நாற்காலியில் உட்கார வச்சா அவையில் 50–49. சபாநாயகர் சமநிலை வந்தா மட்டும்தான் ஓட்டுப் போடுவார். 50–50 அவைன்னா நாற்காலியைக் கொடுக்கிற பக்கம் 49 ஆயிடும், அதனால ரெண்டு பக்கமும் நழுவும். 1999-ல் வாஜ்பாய் அரசு விழுந்தது 269–270-ல். ஒரு ஓட்டுன்னா சும்மா இல்லை.

2008-ல் மக்களவை சபாநாயகர் சோம்நாத் சாட்டர்ஜியோட கட்சி, மன்மோகன் சிங் அரசுக்குக் கொடுத்த ஆதரவை விலக்கிட்டு அவரையும் பதவி விலகச் சொல்லிச்சு. மறுத்தார். ஜூலை 22 நம்பிக்கை வாக்கெடுப்பை நடத்திக் கொடுத்தார், மறுநாளே கட்சியை விட்டு நீக்கிட்டாங்க. உங்க கிழவருக்கு இப்படி ஒரு நாள் வேணும்.

மைக்கூடு:
1976-ல் கலைச்சுடறேன். சபாநாயகர் ஆகும்போது அவர் எம்.பி.யா இல்லாம இருக்கலாமா?

தெற்குவாசல்:
இந்திய முறைன்னா முடியாது. அமைச்சருக்கு ஆறு மாச அவகாசம் உண்டு, சபாநாயகரை உறுப்பினர்கள்ல இருந்துதான் தேர்ந்தெடுக்கணும். அப்புறம், கலைப்பு வந்த வருஷத்துல இருந்து அஞ்சஞ்சா மறுபடி எண்ணுங்க: 1976, 81, 86, 91, 96, 2001, 2006. 2008-ல் தேர்தலே இல்லை. 76 வயசுல ஜெயிச்சவரை, முந்தின சபாநாயகர் விலகின இடத்துக்குக் கொண்டு வாங்க.