செவலைக்காக ஜெபிக்கச் சொன்னது தப்பா?

பெருந்துறை அம்மணி:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் வீட்டு நாய் செவலைக்கு ஒன்பது வயது. நாட்டு நாய்தான். அப்பா இறந்த வருஷம் தோட்டத்து வேலி ஓரத்தில் குட்டியாகக் கிடந்ததை அம்மா முந்தானையில் சுற்றி எடுத்து வந்தார். இப்போது அம்மாவும் இல்லை. வீட்டுக்காரர் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு நைட் ஷிப்ட் போகிற ராத்திரிகளில் சாளை வீட்டில் எனக்கு இருக்கிற ஒரே துணை அதுதான்.

பத்து நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. மூக்கில் ரத்தம் வந்ததும் பயந்துபோய் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு உண்ணிக் காய்ச்சல் என்றார் டாக்டர். பிளேட்லெட் 22 ஆயிரம்தான் இருக்கிறதாம், 2 லட்சமாவது இருக்க வேண்டுமாம். மூன்று நாள் டிரிப் ஏற்றிவிட்டு 28 நாளைக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்திருக்கிறார். அரிசிம்பருப்பு சோறு என்றால் அதற்கு உயிர், இப்போது அதையே கையில் பிசைந்து நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஜெபக் குறிப்பு கேட்டார்கள், மனசு தாங்காமல் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த ஒரு அக்கா, "மனுசருக்கு ஜெபிக்கவே நேரம் பத்தல, நாய்க்கா அம்மணி?" என்றார். நடத்தியவரும் ஒன்றும் சொல்லாமல் அடுத்த குறிப்புக்குப் போய்விட்டார். அதிலிருந்து முழங்கால் போட்டால் வார்த்தையே வரமாட்டேன் என்கிறது. சபையில் ஒரு சின்னப் பிள்ளைக்குப் புற்றுநோய், அந்தப் பிள்ளைக்காகவும் நான்தான் தினமும் ஜெபிக்கிறேன். அதே வாயால் நாய்க்கும் கேட்பது ஆண்டவருக்கு முன்னால் அற்பமா? இந்த மாதிரி நேரத்தில் நீங்கள் எப்படி ஜெபித்தீர்கள்?

கோபி டீச்சர்:

அம்மணி, அற்பம் இல்லை. நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் சொன்ன கதையை எடுத்துப் படியுங்கள், 2 சாமுவேல் 12. ஏழை ஒருவன், அவனுக்கு ஒரே ஒரு ஆட்டுக்குட்டி. அது அவன் சாப்பாட்டைச் சாப்பிட்டு, அவன் பாத்திரத்தில் குடித்து, அவன் மடியில் படுத்து, அவனுக்கு மகளைப் போல இருந்தது என்று எழுதியிருக்கிறது. அதை ஒரு பணக்காரன் பிடுங்கிக்கொண்டான் என்று கேட்டதும் தாவீது கொதித்துப் போனானே தவிர, ஆடுதானே என்று சொல்லவில்லை. நாற்பது வருஷம் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்த கதை, ஆனால் என் வீட்டுப் பூனை சிறுநீர் போக முடியாமல் துடித்த ராத்திரியில்தான் அந்த 'மடியில் படுத்து' என்ற இடம் எனக்கே உறைத்தது.

இன்னொன்று. மத்தேயுவில் இரண்டு குருவி ஒரு காசு. லூக்காவில் ஐந்து குருவி இரண்டு காசு. நம் சந்தைக் கணக்கில் பாருங்கள், அந்த ஐந்தாவது குருவி கொசுறு. விலையே இல்லாத அந்தக் கொசுறையும் சேர்த்துத்தான் ஒன்றாகிலும் மறக்கப்படுவதில்லை என்கிறார் ஆண்டவர். அந்தப் பிள்ளைக்கு ஜெபிக்கிற ஜெபத்தில் இருந்து செவலைக்கு என்று எதுவும் குறைந்து போகாது, அவரிடம் அளந்து ஊற்றுகிற கணக்கு கிடையாது.

அந்த அக்காமேல் வருத்தம் வைக்காதீர்கள். அவர் வீட்டில் என்ன பாரமோ. 'கர்த்தாவே, மனுஷரையும் மிருகங்களையும் காப்பாற்றுகிறீர்' என்று சங்கீதம் 36-இல் இருக்கிறது. வார்த்தை வராத அன்றைக்கு அந்த ஒரு வரியை மட்டும் சொல்லிவிட்டு எழுந்திருங்கள், போதும்.

நாமக்கல் தம்பி:

அக்கா, நான் கால்நடை ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருக்கிறேன். ஜெபத்தைப் பற்றி டீச்சர் அம்மா சொல்லிவிட்டார்கள், நான் கைவேலையைச் சொல்கிறேன். முதலில் அந்த அரிசிம்பருப்பு. அதில் சின்ன வெங்காயமும் பூண்டும் போடுவீர்கள்தானே? தயவுசெய்து அதைக் கொடுக்காதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், ஏற்கெனவே ரத்தம் குறைந்திருக்கிற நாய்க்கு ஆகவே ஆகாது. அரிசியும் பருப்பும் மட்டும் போட்டுக் குழைய வேகவைத்து, ஒரு சிட்டிகை மஞ்சளோடு, இளஞ்சூட்டில் கொடுங்கள். சூடு இருந்தால்தான் வாசம் வரும், மூக்கு அடைத்த நாய் வாசம் பிடித்துத்தான் வாயைத் திறக்கும்.

மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும். பாலில் கரைத்துக் கொடுத்தால் மருந்து சரியாக ஏறாது. ஒரு கவளம் சோற்றுக்குள் வைத்துக் கொடுத்துவிட்டு, பின்னாலேயே கொஞ்சம் தண்ணீர் குடிக்க வையுங்கள். காய்ச்சல் அடிக்கிறதே என்று வீட்டில் இருக்கிற பாராசிட்டமாலைத் தொடவே வேண்டாம். தினமும் காலையில் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்துக்கொண்டே போனாலோ, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும், ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கலாம். உண்ணி நாய்மேல் மட்டும் இல்லை அக்கா, சுவர் வெடிப்பில், கயிற்றுக் கட்டிலின் முடிச்சில் எல்லாம் இருக்கும், அங்கேயும் டாக்டரைக் கேட்டு மருந்து அடியுங்கள்.

முக்கியமாக ஒன்று. பத்தாம் நாள் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து வரும், ஆண்டவர் சுகம் கொடுத்துவிட்டார் என்று மாத்திரையை நிறுத்திவிட்டு, இரண்டு மாதம் கழித்து மோசமாகித் தூக்கி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 28 நாள் என்றால் 28 நாள். ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு ஜெபம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ரெண்டும் தவறாது.

கருமத்தம்பட்டிக்காரன்:

சகோதரி, நான் ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கன். எங்கள் பைபிளில் தோபித்து ஆகமம் உண்டு, அதில் தோபித்தின் மகன் தோபியா வானதூதரோடு பயணம் புறப்படும்போது நாயும் கூடவே போகிறது. கதைக்கு அந்த நாயால் ஒரு பிரயோஜனமும் கிடையாது, ஆனாலும் விட்டுவிடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்களில் மிருகங்களை ஆசீர்வதிக்க என்றே தனிச் செபமும் உண்டு, எங்கள் பங்குச் சாமியார் தயங்காமல் வீட்டுக்கு வந்து செபித்தார்.

உங்களிடம் மறைக்க விரும்பவில்லை, எங்கள் நாய் மணி பிழைக்கவில்லை. சிறுநீரகம் போய்விட்டது. கடைசி மூன்று ராத்திரி திண்ணையில் அதன் விலாமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் ராத்திரி குணமாக்கும், குணமாக்கும் என்று சண்டை போட்டேன். இரண்டாம் நாள் ஜெபமாலை எடுத்தேன், விரலில் அதன் மணிகள் உருள உருள எங்கே இருக்கிறேன் என்றே மறந்துபோனது. மூன்றாம் நாள் எதுவும் கேட்கவில்லை. மூச்சு உள்ளே போகும்போது 'ஆண்டவரே', வெளியே வரும்போது 'இரக்கமாயிரும்', அவ்வளவுதான். விடிகாலை பால் வண்டி போகிற சத்தத்துக்கு ஒருமுறை காதை அசைத்தது, அப்புறம் கை அடியில் விலா நின்றுவிட்டது. அழுதேன். ஆனால் அந்த மூன்று ராத்திரியும் நான் தனியாக இல்லை என்பதை எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன். நமக்கு ஏற்றபடி வேண்டத் தெரியாதபோது ஆவியானவரே பெருமூச்சோடு நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8-இல் பவுல் எழுதியது அந்த மாதிரி ராத்திரிகளுக்குத்தான். உங்களுக்கு வார்த்தை வரவில்லை என்றால் ஜெபம் நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். கை அதன்மேல் இருக்கட்டும்.

உங்கள் செவலைக்கு இன்று மாலை ஜெபமாலையில் ஒரு பத்து மணி சொல்கிறேன்.

பெருந்துறை அம்மணி:

டீச்சர் அம்மா, தம்பி, அண்ணா, மூன்று பேருக்கும் கோடி நன்றி. படித்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். இத்தனை வருஷம் வெங்காயம் போட்டேதான் கொடுத்திருக்கிறேன் தம்பி, தெரியவே தெரியாது. நேற்று பொழுதோடு வெங்காயம், பூண்டு இல்லாமல் குழைய வைத்து, கை பொறுக்கிற சூட்டில் மடியில் தலையை வைத்துக்கொண்டு ஊட்டினேன். முதல் இரண்டு முறை திருப்பிக்கொண்டது. மூன்றாவது முறை என் விரலை நக்கி, இரண்டு கவளம் இறங்கியது. ஈறு இன்னும் வெளுப்பாகத்தான் இருக்கிறது, வியாழக்கிழமை திரும்ப ரத்தம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள்.

முழங்கால் போடவில்லை. தரையில் அதன் பக்கத்திலேயே படுத்து, டீச்சர் சொன்ன அந்த ஒரு வரியைச் சொன்னேன், அப்புறம் அந்தப் பிள்ளையின் பெயரையும் அதோடு சேர்த்துச் சொன்னேன். ஒன்பதாம் மாத்திரை இன்று ராத்திரி.